மயிலைக்கு ஆறு ஊசி

பாகூர் ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணி நிலம் வைத்திருந்த விருத்தாம்பாளுக்கு ஊசி என்றாலே உடம்பு நடுங்கும். காலரா வந்த வருஷம் அவள் புருஷன் சாமிநாதனுக்குக் கையில் ஊசி போட்டுவிட்டுப் போனார் ஊர் ஊராக வந்த ஒரு கம்பவுண்டர். உச்சிவேளைக்குள் ஆள் போய்விட்டான். கொன்றது நோயா ஊசியா என்று அவளுக்குக் கடைசிவரை தெளியவில்லை. அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு, பிள்ளை இல்லை. மயிலை, செவலை என்ற இரண்டு எருதுகளைப் பூட்டி அவளே உழுதாள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆனியில் மயிலைக்கு மூக்கு அடைத்தது. சளி ஒழுகியது. பிறகு சளியில் ரத்தம். ஒரு மாதத்தில் அது மூச்சு விடும் சத்தம் மூன்று வயல் தள்ளிக் கேட்டது, ஈர மரத்தை ரம்பம் போட்டு அறுக்கிற மாதிரி. ஏரில் நாலு சால் ஓடுவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடும். வேப்பெண்ணெய் விட்டார்கள், நெற்றியில் சூடு போட்டார்கள். சத்தம் கூடியதே தவிர குறையவில்லை. சோறு வடிக்கும்போது அந்தக் குறட்டை ஒரு கணம் நின்றால் போதும், பானையை அப்படியே வைத்துவிட்டுத் தொழுவத்துக்கு ஓடுவாள்.

அந்தச் சமயத்தில்தான், பிரெஞ்சு ஆட்சியில் ஊர்த் தலைவரான மேர் சொல்லி அனுப்பி, நடேசன் என்ற மாட்டு டாக்டர் பாகூருக்கு வந்தார். மயிலையின் மூக்குக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தார். உள்ளே காலிபிளவர் மாதிரி சதை வளர்ந்திருந்தது.

“இது சளி இல்லம்மா. ரத்தக் குழாயில பூச்சி. குட்டையில இறங்கி நிக்கும்போது நத்தைகிட்டேர்ந்து தோல் வழியா ஏறிடும். பூச்சியைக் கொல்ல டார்டார்னு ஒரு மருந்து இருக்கு. கழுத்து நரம்புல ஆறு ஊசி.”

“ஊசியா?” அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “ஊசியில செத்துட்டா?”

நடேசன் பொய் சொல்லவில்லை. “அளவு கூடினா சாவும். ஒரு சொட்டு நரம்புக்கு வெளிய சிந்தினா சதை அழுகிடும். மாடு அசையாம இருந்தா பயமில்ல. விட்டுட்டா மூச்சு முட்டியே போயிடும்.”

அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் ஒப்புக்கொண்டாள்.

பூவரச மரத்தில் மயிலையைக் கட்டி, கழுத்தடியில் கயிற்றை இறுக்கியதும் நரம்பு பாம்பு போல் எழுந்து நின்றது. தலையைப் பிடிக்க வந்த ஆளை அவள் விலக்கிவிட்டாள். தெரியாதவன் கை பட்டால் மாடு மிரளும் என்றாள். மூக்கணாங்கயிற்றையும் கொம்பையும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் முகத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். மருந்து இறங்கியதும் மயிலை இருமியது, நடுங்கியது, முன்னங்கால் மடிந்து விழுந்தது. அவளுக்குச் சாமிநாதனின் கடைசி நேரம் கண்ணெதிரே வந்தது. கால் மணி நேரத்தில் மாடு எழுந்து நின்றது.

இரண்டாவது ஊசி ஒழுங்காகப் போனது. மூன்றாவதின்போது மாட்டு ஈ கடித்து மயிலை தலையை வெடுக்கென்று உதறியது. ஊசி நழுவிவிட்டது. நடேசனின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். சிந்திய மருந்தின் வீரியம் குறைய, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைச் சுற்றிலும் ஏற்றினார். ஆனாலும் சாயங்காலத்துக்குள் கழுத்து பரங்கிக்காய் அளவுக்கு வீங்கியது. ஐந்தாம் நாள் தோல் வெடித்தது.

பக்கத்து வீட்டில் இருந்த கொழுந்தன் பலராமன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். “இன்னா அண்ணி, எங்கண்ணன் ஊசியில போனது போதாதா? வாயில்லாத ஜீவனையும் கொல்லணுமா?”

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். புழு வைக்காமல் இருக்க வேப்பிலைத் தண்ணீரில் புண்ணைக் கழுவினாள், ஈயை விரட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தாள். கழுவும்போது ஒன்று கவனித்தாள். அதன் மூச்சு முன்னைப்போல் இரையவில்லை. மூக்கில் ரத்தமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நடேசன் தயங்கிக்கொண்டு வந்தார். “பாதியில நிறுத்தினா பூச்சி மறுபடி தலையெடுக்கும். உன் இஷ்டம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

“அந்தப் பக்கத்து நரம்புல குத்துங்க டாக்டரய்யா,” என்றாள். “தலையை நான்தான் புடிப்பேன். இந்த வாட்டி கண்ணை மூட மாட்டேன்.”

பலராமனை வேப்பங்கொத்தோடு நிறுத்தி ஈ ஓட்டச் சொன்னாள். மீதி மூன்று ஊசிகளும் சிந்தாமல் இறங்கின. ஐப்பசி மழைக்கு மயிலை ஏரில் நின்றது. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பலராமனின் பசுவுக்கே குறட்டை கண்டது. அவன் வந்து வாசலில் நின்றான்.

“அண்ணி, நீ வந்து தலையைப் புடிச்சாதான் ஆவும்.”

போனாள். பிறகு கரியமாணிக்கம் கிராமம் வரைக்கும் கூப்பிட்டார்கள். ஊசி போடும் நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை அங்கே ஒரு கிடாரி, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் கைக்குள் செத்தது. நடேசன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் அழுதார்கள். அவள் கிடாரியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வாய்க்காலில் கை கழுவி வந்தாள். அங்கே இன்னும் இரண்டு மாடுகள் காத்திருந்தன.

“பயமா இல்லியா ஒனக்கு?” என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள்.

“பயந்தான்,” என்று சொல்லிவிட்டு, விருத்தாம்பாள் அடுத்த மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள்.