அம்மன் முகம் தங்கிய தகடு

மல்லிகா கூப்பிட்டதால்தான் சென்ற ஏப்ரல் விடுமுறையில் லுணுகலைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒன்றாக இயற்பியல் படித்தோம். நான் கண்டியில் பாடம் நடத்துகிறேன். அவள் வெளிநாட்டில், ஒளியை மிக வேகமாகத் திறந்து மூடும் திரவப் படிகத் தகடுகள் செய்கிறாள். தான் பிறந்த தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவற்றில் ஒன்றைக் காட்டப்போகிறாளாம்.

காலை ஆறு மணிக்குக் கண்டியில் பஸ் ஏறினால் பத்தரைக்குப் பதுளை. சாப்பாட்டைப் பதுளையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பசறை வழியாக லுணுகலைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம், வளைவுகள் அதிகம். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார்.

"அந்தப் புள்ள கொண்டாந்த லைட்ட பாக்கத்தானே போறீங்க, டீச்சர்? எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க."

தேரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

தகடு விரல் நகத்தளவுதான். நம் கைப்பேசித் திரையில் இருப்பதும் திரவப் படிகம்தான். இது அதைவிடப் பல மடங்கு வேகம். ஒரு தொல்லை உண்டு. ஒரே படத்தை நிறுத்தி வைத்தால் உள்ளே மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சேர்ந்து, படம் தகட்டிலேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, வெளிச்சமும் இருளும் இடம் மாறிய அதன் எதிர்ப்படத்தையும் அதே அளவு நேரம் ஓட்ட வேண்டும். அப்போது தகட்டுக்கு ஒளி தரும் விளக்கு அணைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்ததும் அந்தத் தகட்டின் வழியாகக் கோயில் சுவரில் அம்மன் முகம் விழுந்தது. நான் பார்த்த எந்தப் படத்தையும்விடத் தெளிவு. மல்லிகா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அதுதான் தப்பாகிவிட்டது. கோயில் தலைவர் செல்லையா எழுந்தார்.

"அப்ப அம்மனுக்கு முன்னால வெளக்கு பாதி நேரம் அணைஞ்சா கெடக்கு?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க, மாமா."

"தெரியலன்னா அணையலன்னு ஆயிருமா?"

"தலைவரே, ஒங்க வாசல் பல்பு ரெண்டு மாசமா அணைஞ்சே கெடக்கு," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. பூசை முடியும்வரை அணையக்கூடாது என்றார்.

மல்லிகா கணினியில் ஏதோ தட்டினாள். எதிர்ப்படத்தை நிறுத்திவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவளிடம் இருந்தது அந்த ஒரு தகடுதான். இரண்டு நாள் கழித்துக் கண்டியில் ஒரு கூட்டத்தில் அதைக் காட்டித்தான் இங்கே ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க அனுமதி கேட்க இருந்தாள். அதை நடத்தப்போகிறவளும் அவளே, ஒன்றாகப் படித்த நானல்ல. நான் வாயைத் திறக்கவில்லை. மணியடித்து, தீபாராதனை காட்டி, பூசை முக்கால் மணி நேரம் நடந்தது.

அடுத்து தேயிலை மலைப் படத்தைப் போட்டாள். மலைக்குள்ளே மங்கலாக அம்மன் முகம் நின்றது.

"ஆத்தா போகமாட்டேங்குறா," என்று கூட்டம் கும்பிட்டது. மல்லிகாவும் கும்பிட்டாள். எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது, பக்தியால் அல்ல.

கூட்டம் கலைந்த பிறகு, "தெரிஞ்சேதானே செஞ்ச?" என்று கேட்டேன்.

"பின்ன? எல்லாரும் அப்பாவோட கூட்டாளிங்க. நான் எப்படி மறுக்குறது? நீ ஏதாச்சும் சொல்லுவேன்னு ஒன்னத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். டீச்சர் சொன்னா கேட்டிருப்பாங்க."

"பூசை நடந்துச்சுல்ல," என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் தகட்டுப் பெட்டியை என் மடியில் வைத்தாள். தங்கிய முகத்தை அழிக்க, உள்ளே எதிர்ப்படம் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. "சூடா இருந்தா சீக்கிரம் சரியாயிரும். ஒன் சால்வைய போர்த்து," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். இணைப்பு வயர் என் விரலருகில் இருந்தது; இழுத்தால் எதிர்ப்படம் நின்றுவிடும். கண்டிவரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

என் வீட்டுச் சுவரில் வெறும் வெள்ளையைப் போட்டாள். "எனக்குக் கண்ணு களைச்சிருக்கு. நீ பாரு, போயிருச்சா?"

சுவர் சுத்தமாக இருந்தது. இருந்தும் 'இன்னும் இருக்கு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"போயிருச்சு," என்றேன்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரலிலும் மாலையில் குளிரும், சால்வை அவசியம். பஸ்ஸில் மடியில் எதையாவது சுமந்து வர நேர்ந்தால், அது உங்களுடையதாக இருப்பது நல்லது. வழி மிக நீளம்.