பால் கவரின் மூலை

தேசம்மா குப்பை வண்டி ஓட்டுகிறவள். இதைக் கேட்டதும் மூக்கைப் பிடிக்கிறவர்கள் மேலே படிக்க வேண்டாம். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அவளுடைய பேட்டரி வண்டி காலை ஏழேகாலுக்கு வரும். இருபது வருடம் கூடையில் மீன் விற்றவள். கணவன் செபஸ்தியான் படகில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுத்தபிறகு இந்த வேலைக்கு வந்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே எங்கள் டப்பா மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். பச்சை டப்பாவில் மிச்சச் சோறு, காய்கறித் தோல். அதுவும் கவரில் கட்டாமல். நீல டப்பாவில் காகிதம், பிளாஸ்டிக். பிளேடும் நாப்கினும் தனிப் பொட்டலமாக. மாறிக் கிடந்தால் மூடியைச் சாத்தி வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். கெஞ்சினாலும் நடக்காது.

எனக்கு அந்தக் கவலையே இல்லை. நான் ஜஹனாரா, தையல்காரி. துண்டுத் துணியைக்கூட வீணாக்காதவள். பால் கவரைக் கழுவி, அடுப்படி டைல்ஸில் ஒட்டிக் காயவைத்துத்தான் நீல டப்பாவில் போடுவேன். தெருவிலேயே சுத்தமான குப்பை என்னுடையதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு நாள் காலை தேசம்மா மணியடித்து உள்ளங்கையை விரித்தாள். மண் ஒட்டிய சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மூலைகள்.

“யக்கா, இது உன் வூட்டுது.”

“அதுல என் பேரா எழுதியிருக்கு?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஓரத்தப் பாரு. பல்லு பல்லா கீது. இந்தக் கத்திரி இந்தத் தெருவுல வேற யாராண்ட கீது?”

மழுங்கிப்போன ஜிக்ஜாக் கத்திரிக்கோலை அடுப்படிக்குத் தள்ளி, அதில்தான் பால் கவரை வெட்டுகிறேன். கவரைக் கழுவுகிற அக்கறையில், வெட்டி விழுந்த மூலையை நினைத்ததே இல்லை. அது காய்கறித் தோலோடு பச்சை டப்பாவுக்குப் போயிருக்கிறது.

தெருக்கோடியில் ஒரு கொட்டகை. பச்சை டப்பாக் குப்பையை அங்கேதான் மக்கவைத்து உரமாக்குகிறார்கள். தேசம்மாவின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

“எத்தினி தபா சலிச்சாலும் இந்த மூலைங்கோ உரத்தோட வந்துருது. போன லோடு உரம் வாங்கறவங்க வாணாம்னு திருப்பிட்டாங்க. அடுத்ததும் இப்டி இருந்தா கார்ப்பரேஷன்ல கொட்டாய மூடிட்டு எங்கள ஊருக்கு வெளிய கிடங்குக்கு அனுப்பிருவாங்களாம். மத்தியானம் வூட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்ட யாருக்கா கீறாங்க?”

உள்ளே வந்து அவளே ஒரு கவரை எடுத்து வெட்டிக் காட்டினாள். “முழுசா வெட்டாத. பாதி வெட்டு. மூலை கவரோடவே தொங்கிக்கினு இருக்கட்டும்.”

இதை அவள் வீடு வீடாகச் சொன்னாள், வேலை முடிந்த பிறகு. மாடி வீட்டு குருபிரசாத், “எங்காத்துலேர்ந்து போயிருக்க சான்ஸே இல்ல” என்றார். அவருடைய சிங்க் வடிகட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். பிற்பகலில் கொட்டகையில் உட்கார்ந்து, ஏற்கெனவே மக்கிய உரத்திலிருந்து மூலைகளைக் கையால் பொறுக்கினாள். பொறுமைசாலி என்றார்கள். பொறுமையாவது! அசல் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாநகராட்சி அதிகாரி கொட்டகையைப் பார்வையிட வந்தார். நானும் போய் நின்றேன். பழைய உரத்தைச் சலித்தார்கள். சலித்து விழுந்த உரத்தில் ஒரே ஒரு மூலை கிடந்தது. ஓரம் பல் பல்லாக.

“இன்னும் வருதேம்மா?” என்றார் அதிகாரி.

“அது பழைய குப்ப சார். பொறுக்கறப்ப தப்பிச்சிருச்சு. தோ, இந்தக்கா வூட்டுதுதான். இப்ப அவங்க அப்டி வெட்றதில்ல. இந்த மாசம் போட்ட குவியலக் கெளறிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு கெடச்சாலும் கொட்டாய மூடிக்கங்க.”

ஆனால் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, கல்யாண ரவிக்கை தைக்கிற அவசரத்தில், பழைய பழக்கத்தில், நான் ஒரு மூலையை முழுசாக வெட்டிவிட்டேன். தேடியும் கிடைக்கவில்லை. அது அந்தக் குவியலில்தான் இருக்க வேண்டும். சொல்லிவிட நினைத்தேன், ஆனால் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நாலு இடத்தில் கிளறினார்கள். ஒன்றும் வரவில்லை. “சரிம்மா, நடத்துங்க” என்று அவர் ஜீப்பில் ஏறினார்.

நான் தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “செவ்வாய்க்கிழமை நான்...”

“தெரியும்க்கா.” இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து அந்த மூலையை எடுத்து என் கையில் வைத்தாள். “அன்னிக்கே மூடியத் தூக்கறப்ப பாத்து எடுத்துட்டேன்.”

“பாத்துட்டுமா அவர்கிட்ட அப்படிச் சொன்ன?”

“ஒரு நாள் கை தவறிச்சு. மத்த நாள்லாம் கரீட்டா வெட்டினியே யக்கா, நான் பாக்கலியா?”

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. “மணி பன்னண்டாவுது, கஞ்சி குடுக்கணும்” என்று கையைக் கழுவிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.