எந்தத் தண்ணீருக்கு வடிகட்டி?

எங்கள் போர்வெல் தண்ணீர் பிடிக்கும்போது பளிங்கு. சற்று நேரம் காற்றுப் பட்டால் தேநீர். அதில் துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் பழுத்துவிடும். மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அக்கா மகள் போட்டுவிட்டுக் கொடுத்த வெள்ளைக் கவுனை அந்தத் தண்ணீரில் நனைக்கவே மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

வீடு முழுவதற்கும் ஒரே வடிகட்டி வைத்துவிடலாம் என்று, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தேன். தண்ணீர் கடினம், அதைப் போக்கும் சாஃப்ட்னர் போதும் என்று முடிவு வந்தது. எனக்கு எதிலும் அவசரம். ஆர்டர் கொடுக்கச் செருப்பை மாட்டும்போது மனைவி கேட்டாள்.

"தண்ணிய எங்க பிடிச்சீங்க?"

"கிச்சன் குழாய்லதான்."

"அட ஆண்டவரே! அது முந்தாநாள் டேங்கர்காரன் சம்ப்புல ஊத்துனதுங்க. ஊரான் தண்ணிக்கு டெஸ்ட் எடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

கோடையில் டேங்கர் தண்ணீரைத் தரையடித் தொட்டியில் நிரப்புவதை எப்படி மறந்தேனோ! மறுநாள் போர்வெல் மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் தொட்டிக்குள் விழும் முன்பே, குழாய் வாயில் பிடித்தேன். இரும்பு என்றது புதிய சோதனை. சாஃப்ட்னரை வைத்திருந்தால் இரும்பே அதை அடைத்திருக்கும் என்றார் கடைக்காரர். இரும்பு வடிகட்டியையே தேர்ந்தெடுத்தேன்.

அதை மாட்டியதும் மனைவி முதலில் என் புதுப் பனியனைத்தான் துவைத்தாள். காய்ந்ததை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொக்கின் வெள்ளை.

"பனியன் பாஸு" என்று சிரித்துவிட்டு, கவுனைத் துவைக்க எடுத்துப் போனாள்.