நாற்காலிச் சத்தம் எங்கே?

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், நடைக்கூடம் முடிகிற இடத்தில், சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த ஓர் அறை உண்டு. அந்த அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊரார் காதைச் சோதிப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவளுடைய வேலை. உள்ளே இருப்பவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் மனிதர்கள் கேட்காததற்கும் கையைத் தூக்குவார்கள். லைசென்ஸ் போய்விடுமே என்று பயந்த டிரைவர்கள் தூக்குவார்கள். மருமகள் செவிடு என்று சொல்லிவிடுவாளே என்று மாமியார்கள் தூக்குவார்கள். அவள் எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போதுகூடச் சிலர் விறைப்பாகக் கையை நீட்டுவார்கள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"கேட்டா கேட்டுச்சுன்னு சொல்லுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. இதுல என்ன மானம் போகுது?" என்பாள்.

மருத்துவமனையில் அவளைக் காதுக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம். இசைத்தட்டு. அதிலும் ஒரே ஒரு இசைத்தட்டு. பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியங்கள் மட்டும் வாசித்த, பக்கத்துக்கு நாலாக எட்டு இசைத் துண்டுகள் கொண்ட பழைய தட்டு அது. அதே தட்டின் பதினோரு அச்சுகள் அவளிடம் இருந்தன. முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கனமான அச்சு, பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அப்பளம்போல மெல்லிதாக அடித்தது, வெளிநாட்டில் நகல் நாடாவிலிருந்து அடித்தது, ரேடியோ நிலையங்களுக்கென்று தனியாக அடித்தது. வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே அட்டை, ஒரே கறுப்புத் தட்டு. "ஒரே புடவையைப் பதினோரு கடையில எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்பார் அவள் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சொல்வாரே தவிர, அந்தப் பதினொன்றுக்கும் தேக்குப் பலகையில் அலமாரி அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அந்தத் தட்டில் அவள் அம்மா செல்லோ, அதாவது வயலின்போல வில்லால் இழைக்கிற பெரிய வாத்தியம், வாசித்திருந்தாள். நாற்பது பேர் வாசித்த குழு. அட்டையில் இசை நடத்தியவர் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. நாற்பது பேர் பெயரும் இல்லை. அம்மா அதைப் பற்றி வீட்டில் மூச்சுவிட்டதில்லை, தட்டையும் வாங்கி வைத்துக்கொண்டதில்லை. முதல் சம்பளத்தில் நடைபாதைக் கடையில் தற்செயலாக அதை வாங்கி வந்தவள் மகள்தான். இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது துண்டு தொடங்குமுன், செல்லோ நுழைய வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்னால் "கிரீச்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"அம்மா, இது என்ன சத்தம்?"

அம்மாவின் முகம் சிவந்துபோனது. "அந்தக் கருமம் உன் காதுல விழுந்துடுச்சா? அது நான்தான்டி. வில்லை எடுக்க முன்னாடி சாஞ்சேன், நாற்காலி கத்திடுச்சு. நாப்பது பேர் முன்னாடி அந்த இசை நடத்துற மனுஷன் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சார். ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்த நேரம் முடிஞ்சுபோச்சு, மறுபடி வாசிக்க முடியல. அப்படியே விட்டுட்டாங்க."

அந்தக் கிரீச்தான் மகளுக்குப் பிடித்தது. எந்த அச்சு நல்ல அச்சு என்பதை அவள் அதை வைத்துத்தான் பார்த்தாள். மெல்லிய தட்டில் அது எலி கத்துவது போலிருக்கும். வெளிநாட்டு அச்சில் தூரத்துக் கதவு. முதல் அச்சில் மட்டும் அது மரம் என்று தெரியும். பழைய மரம், ஒரு கால் கொஞ்சம் ஆடுகிற மரம், அதன்மேல் மெலிந்த ஒரு பெண். இசை முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெறுமையாகக் கிடக்கும் வளையத்தில் கீறியிருக்கும் எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, எந்தத் தட்டு எந்த அச்சு என்று சொல்லும் அளவுக்கு அவள் தேறியது இப்படித்தான்.

சென்ற வருடம் அந்தத் தட்டைப் புதிதாக அடிக்கப்போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. மேலுறையில் தங்க எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: "மூல நாடாவிலிருந்து நேரடியாக. சேர்த்தது எதுவுமில்லை, நீக்கியது எதுவுமில்லை." உள்ளே நாலு பக்கக் கட்டுரை. எழுதியவர் ஊரில் இசைத்தட்டுக் கழகத்தை நடத்திவந்த பல் டாக்டர். ஞாயிறு காலைகளில் அவர் வீட்டு மாடியில் பதினைந்து பேர் கூடித் தட்டுக் கேட்பார்கள். காதுக்காரியும் அதில் ஒருத்தி. இருக்கிற ஒரே பெண். ஆறு வருடமாகப் போகிறாள், இன்னமும் டாக்டர் அவளிடம், "வீட்டுக்காரருக்காக வாங்குறீங்களா?" என்று கேட்பார்.

முன்பதிவு செய்து ஐந்து மாதம் காத்திருந்தாள். தட்டு வந்ததும் கையைக் கழுவித் துடைத்து, ஊசியைச் சுத்தம் செய்து, இரண்டாம் பக்கத்தை வைத்தாள். இரண்டாவது துண்டு முடிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லோ நுழைந்துவிட்டது. கிரீச் இல்லை.

மறுபடி வைத்தாள். இல்லை. நாலாவது முறை வைத்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. அந்த இடத்தில் அரை நொடிக்கு அறையின் காற்றே இல்லை. யாரோ வாயைப் பொத்தியது போல ஒரு வெறுமை, பிறகு மறுபடி காற்று.

"என்னங்க, இங்க வாங்களேன். இதைக் கேளுங்க."

லிஃப்ட்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எட்டு மாடி லிஃப்டில் எந்த மாடியில் எந்தச் சக்கரம் முனகுகிறது என்று தரையில் நின்று சொல்லக்கூடியவர். "வெட்டியிருக்கான்" என்றார். "கம்ப்யூட்டர்ல ஏத்தி, அந்த இடத்தைத் தொடச்சிட்டு, மறுபடி தட்டுல இறக்கியிருக்கான்."

"நீக்கியது எதுவுமில்லைன்னு தங்கத்துல எழுதியிருக்கானே! என் காதுலயேவா பூ சுத்துறான்?"

அன்றைக்கே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். பிறகு நேரே இரண்டு தெரு தள்ளி இருந்த அம்மா வீட்டுக்குப் போய் விஷயத்தைக் கொட்டினாள். எழுபத்தெட்டு வயது அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. எந்தப் புண்ணியவானோ என் மானத்தைக் காப்பாத்தியிருக்கான்" என்றாள்.

"அம்மா!"

"என்னடி அம்மா? நான் வாசிச்சது நிக்கட்டும். நாற்காலி வாசிச்சது எதுக்கு?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டாள். அதன்பிறகு அம்மாவோடு பேசவில்லை.

ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. மிகவும் பணிவான பதில். தாங்கள் குறிப்பிடும் சத்தம் தங்களிடமுள்ள பழைய தட்டின் தேய்மானமாக இருக்கலாம். மூல நாடாவில் அப்படியொரு சத்தம் இல்லவே இல்லை. தங்கள் ஊசியைப் பரிசோதித்துக்கொள்ளவும்.

பதினோரு தட்டிலும் ஒரே இடத்திலா தேயும்? ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் இதை அவள் கேட்டதும், டாக்டர் புன்னகைத்தார். பல் பிடுங்குமுன் சிரிக்கிற சிரிப்பு.

"மேடம், நான் முப்பது வருஷமா கேக்குறேன். புது அச்சு கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க நாள் முழுக்க ஆஸ்பத்திரியில பீப் பீப்னு கேட்டுக் காதை அலுக்க வெச்சிருப்பீங்க. அதோட, அம்மா வாசிச்சதுன்னா ஒரு பாசம் இருக்கும் இல்லையா? இல்லாதது கேக்கும்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவோமோ என்று பயந்து எழுந்து வந்தாள். வருகிற வழியில் கால் தானாக அம்மா வீட்டுக்குத் திரும்பியது. பேசாதிருந்ததை மறந்து, கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்.

அம்மா ஒரு வரியில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அதை மறுபடி படி."

"அப்படியொரு சத்தம் இல்லவே இல்லை."

"இல்லவே இல்லையாமா?" அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "நாப்பது பேர் முன்னாடி நான் வாங்கின திட்டு இல்லவே இல்லையாமா? அன்னைக்கு பஸ்ஸுல அழுதுட்டு வந்தேனே, அது எவளோடதாம்? தொடச்சேன்னு சொல்லு, சரி. இருந்ததே இல்லைன்னு சொல்ல அவன் யாருடி? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறானா? ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போ."

அடுத்த ஞாயிறு டாக்டர் வீட்டு மாடிப்படியை அம்மா ஒவ்வொன்றாக ஏறினாள். பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் மூன்று தட்டுகளையும் ஒரு போர்வையையும் சுமந்துகொண்டு லிஃப்ட்காரர்.

"சண்டை போட வரல டாக்டர்" என்றாள் காதுக்காரி. "ஒரு சோதனை. ஆஸ்பத்திரியில தினமும் பண்றதுதான்."

போர்வையைக் கட்டிப் பிளேயரை மறைத்தார்கள். பின்னால் நின்று, எந்தத் தட்டு என்று சொல்லாமல், அந்த ஒரு இடத்தை மட்டும் லிஃப்ட்காரர் போட வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மரச் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். டாக்டருக்கு மறுக்கவும் முடியவில்லை. மறுத்தால் பயம் என்பார்கள்.

முதலில் புது அச்சு. ஒரு கையும் எழவில்லை. அடுத்து, பழைய முதல் அச்சு. பதினாலு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன, தன்னை அறியாமல் டாக்டர் கையும். மறுபடி புது அச்சு. ஒன்றுமில்லை. பிறகு வெளிநாட்டு அச்சு. ஒரு கை தயங்கித் தாழ்ந்தது, பதின்மூன்று கைகள் நின்றன. கண்ணைத் திறக்கச் சொன்னாள். டாக்டரின் கை இன்னும் மேலேயே இருந்தது. அவர் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, ஒரு கீறல் சத்தத்தை எடுத்திருக்காங்க" என்றார். "தட்டு இன்னும் நல்லாத்தானே ஆகியிருக்கு? இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

அம்மா பையிலிருந்து அவர் எழுதிய கட்டுரையை எடுத்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கோடு போட்டிருந்த வரியைப் படித்தாள். "'வாசித்தவர்களின் மூச்சுக்கூட அப்படியே நம் முன் இருக்கிறது.' இது நீங்க எழுதினதுதானே தம்பி?"

அறுபது வயதுக்காரரைத் தம்பி என்று அந்த அறையில் யாரும் அழைத்ததில்லை.

"ஆமாம்மா."

"வாசிச்சவ நான். என் பேரு அட்டையில இல்ல. சம்பளம் வாங்கிட்டுப் போனேன், கேக்கல. அந்தத் தட்டுல இதை வாசிச்சது ஒரு மனுஷின்னு காட்ட இருந்தது அந்த நாற்காலி ஒண்ணுதான். அது எனக்கு வெக்கம்தான். ஆனா அது என்னோட வெக்கம். அதைத் தொடச்சுட்டு, மூச்சு அப்படியே இருக்குன்னு நாலு பக்கம் எழுதியிருக்கீங்களே, எந்த மூச்சைக் கேட்டு எழுதினீங்க?"

பொய் சொல்லத் தெரியாத ஒரு நொடி எல்லாருக்கும் வரும்போலும். "எழுதும்போது தட்டு எனக்கு வந்து சேரலம்மா" என்றார் டாக்டர். "பழைய ஞாபகத்துல எழுதினேன்."

காதுக்காரிக்கு உடம்பு பற்றி எரிந்தது. "கேக்காமலேயா?" என்றாள். "ஐநூறு பேர் நீங்க எழுதினதை நம்பி வாங்கியிருக்காங்க. கேக்காமலேயா டாக்டர்? காது மந்தமான கிழவங்க கையைத் தூக்கினாகூட எனக்குக் கோபம் வரும். அவங்களுக்காவது பயம்னு ஒரு காரணம் இருக்கு. உங்களுக்கு என்ன காரணம்?"

அன்று இறங்கி வரும்போது பத்துப் பேர் அவர்களோடு இறங்கி வந்தார்கள்.

அந்தப் பத்துப் பேரும் கையெழுத்துப் போட, சோதனை முடிவையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதினாள். மூன்று மாதம் கழித்து இரண்டே வரி பதில் வந்தது: தயாரிப்பின்போது சில சிறு இரைச்சல்கள் கணினி வழியாகச் சீர்செய்யப்பட்டன. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. கடைகளில் மிச்சமிருந்த உறைகளில் தங்க எழுத்தின் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது: "முழுக் கவனத்துடன் தயாரிக்கப்பட்டது." சமாதானமாக வேறொரு தட்டை இலவசமாக அனுப்பியிருந்தார்கள். அவள் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். "கேட்டுட்டாவது அனுப்பேன்" என்றார் லிஃப்ட்காரர். "கேட்டா பிடிச்சுப்போகும், வேண்டாம்" என்றாள்.

டாக்டர் வீட்டு மாடி பூட்டிக்கொண்டது. இப்போது ஞாயிறு காலைகளில் கூட்டம் காதுக்காரி வீட்டுக் கூடத்தில். இடம் சின்னது, இரண்டு பேர் சமையலறை வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும். அம்மா தவறாமல் வந்து, யார் வாசித்த செல்லோவைப் போட்டாலும் குற்றம் சொல்கிறாள்.

கோபம் மட்டும் ஆறவில்லை. இன்னொரு கடிதம் எழுதினாள்: அடுத்த அச்சிலாவது வாசித்த நாற்பது பேர் பெயரையும் போடுங்கள். அதற்கு, அப்படியொரு பதிவேடு எங்களிடம் இல்லை என்று பதில். "அவனுக்கு எதுவுமே இருக்காது" என்றாள் அம்மா. "நோட்டை எடு. நான் சொல்றேன்."

அன்று உட்கார்ந்த இடத்தில் அம்மா இருபத்துமூன்று பெயர்கள் சொன்னாள். யார் எந்த நாற்காலி, யாருக்கு இருமல், யார் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்பதுவரை. பிறகு ஒன்றும் இரண்டுமாக வந்தன. சென்ற செவ்வாய்க்கிழமை, பஞ்சு அறைக்குள் ஒரு பெரியவர் ஹெட்போனோடு காத்திருக்க, காதுக்காரியின் செல்போன் அடித்தது.

"ரெண்டாவது வரிசை வயலின், கறுப்பா உயரமா ஒருத்தர்னு சொன்னேனே, அவர் பேரு ஞாபகம் வந்துடுச்சு. எழுதிக்கோ, மறுபடி மறந்துடுவேன்."

எழுதக் காகிதம் இல்லை. பெரியவரின் சோதனைத்தாளின் ஓரத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள். முப்பத்திரண்டாவது பெயர். பிறகு கண்ணாடி வழியாகப் பெரியவரைப் பார்த்து, இதோ அனுப்புகிறேன் என்று தலையசைத்தாள்.