ஏழாம் நம்பர் பூச்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள், கம்பி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக் வாளி வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் தங்கள் சரக்கு உலகம் முழுக்கப் போகிறது என்பார்கள். போகட்டும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவன், முகம் தெரியாமல், பெயர் தெரியாமல், “அந்த ஏழாம் நம்பர் கட்டியதுதான் வேண்டும்” என்று எழுதிக் கேட்கிற சரக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்கிறவள் குணசுந்தரி. படிப்பு நாலாம் வகுப்பு. அதுவும் பாதி.

அவள் கட்டுவது பூச்சி. தூண்டில் முள்ளைச் சின்ன வைஸ் இடுக்கியில் கவ்வவிட்டு, அதன் மேல் இறகையும் நூலையும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி போலவே செய்வது. குளிர் நாட்டு ஆறுகளில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டு. மண்புழுவைக் காட்டி அதைப் பிடிப்பது அங்கே கௌரவக் குறைச்சலாம். இந்தப் பொய்ப் பூச்சியைக் காட்டி ஏமாற்றித்தான் பிடிப்பார்களாம். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். முதலில் இதைக் கேட்டபோது குணசுந்தரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முள் எங்கேயோ தெறித்துப் போய்விட்டது.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். வீட்டுக்குச் சொந்தமாக நிலம் இருந்தது, அதனால் சேற்றில் இறங்காமல் வளர்ந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாற்றுப் பறித்து முடி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வைக்கோலைச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்கு அடியிலேயே செருகி ஒரு இழுப்பு இழுப்பாள். வரப்பிலிருந்து வயலுக்குள் வீசியெறிந்தாலும் அவள் கட்டிய முடி அவிழாது. கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்கு வந்தாள். கணவர் தணிகாசலம் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். அவளுக்கு முப்பத்தொரு வயதிருக்கும்போது, பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துச் சலாஹுதீன் பாய் சிப்காட்டில் ஒரு ஷெட்டைப் பிடித்து இந்தப் பூச்சிக் கம்பெனியை ஆரம்பித்தார். கட்டச் சொல்லிக்கொடுக்க வந்தவர் கடைசி முடிச்சைப் போட்டுக் காட்டினார். மற்றப் பெண்கள் மூன்று நாள் திணறினார்கள். இவள் ஒரே பார்வையில் போட்டுவிட்டு, இது எங்கள் ஊர் நாற்று முடிதானே, இதற்கா ஒரு வாத்தியார் என்று கேட்டாள்.

முதல் வருடமே பெட்டிகள் திரும்பி வந்தன. இரண்டு மீன் கடித்ததும் பூச்சி பிரிந்துவிடுகிறது என்று கடிதம். பாய் ஷெட்டைக் காலி செய்யலாமா என்று யோசித்தார். படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பசையை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குணசுந்தரிக்கு அது ஒப்பவில்லை. கடிப்பது பல். பல்லை விட்டுவிட்டுப் பசையைப் பற்றி என்ன பேச்சு?

அந்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் ஏரியில் மண்புழு போட்டு ஒரு விரால் பிடித்து வந்தார். உடம்பு குழம்புக்குப் போயிற்று. தலையை அவள் தனியாக வேகவைத்துச் சதையை வழித்தெடுத்தாள். தாடையை மொட்டை மாடியில் காயவைத்து ஒரு பலகையில் ஆணியடித்தாள். விரால் தாடையில் ஊசி ஊசியாகப் பல். கம்பெனிப் பூச்சி ஒன்றை நூலில் கட்டி அந்தப் பல்லின் மேல் வைத்து இழுத்தாள். ஆறாவது இழுப்பில் இறகு அறுந்து சுருள் சுருளாகக் கழன்றது.

ஒரு மாதம் கட்டினாள், இழுத்தாள், கட்டினாள், இழுத்தாள். கடைசியில் பிடிபட்டது. பூச்சியின் உடம்புக்காகச் சுற்றுகிற இறகு ஒரு பக்கமாகப் போனால், அதன் மேல் சுற்றுகிற மயிரிழைச் செம்புக் கம்பி எதிர்ப் பக்கமாக வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் போனால் கம்பி இறகுக்கு நடுவே புதைந்து, இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். எதிராக வந்தால் ஒவ்வோர் இழையையும் குறுக்கே மிதித்துப் பிடிக்கும். பல்லில் ஒரு இழை அறுந்தாலும் அடுத்தது அசையாது. அப்படிக் கட்டிய பூச்சி முப்பது இழுப்பு தாங்கியது. வெளிநாட்டுப் புத்தகத்தில் இது முன்பே எழுதியிருக்கிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இருக்கட்டுமே. அவர்களுக்குப் புத்தகம் சொன்னது, இவளுக்கு விரால் சொன்னது.

பாய் அவளுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தார். ஏழாவது நாற்காலியில் உட்காருகிறவள் என்பதால் அதில் ஏழு. அவள் கட்டிய பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் அந்த ஏழு. ஸ்டாம்ப் அவள் இடுப்புச் சுருக்குப் பையை விட்டு வேறு எங்கும் போனதில்லை. இருபத்தேழு வருடமாக ஒரு ஏழுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்வாள்.

போன வருடம் பாய் ஓய்வெடுத்துக்கொண்டு மகன் சர்ஃபராஸிடம் கம்பெனியைக் கொடுத்தார். பிள்ளை கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. குணசுந்தரியின் கைகளை மட்டும் வீடியோ எடுத்துப் போட்டான். எந்தெந்த நாட்டுக்காரனோ அதைப் பார்த்தான். ஏழாம் நம்பரைக் கேட்டு எழுதுகிறவர்கள் கூடிப்போனார்கள். அதோடு நின்றிருந்தால் நல்லது. ஒருத்தி முழுப் பூச்சியும் கட்டுவது வீண் நேரம் என்று, போனில் நேரம் பார்த்து வேலையைப் பிரித்தான். ஒருத்தி வால், ஒருத்தி இறகு, ஒருத்தி கம்பி, ஒருத்தி தலை. குணசுந்தரியை மட்டும் அவள் நாற்காலியில் விட்டுவைத்தான்.

கம்பி பிரின்சியிடம் வந்தது. பதினாறு வருடமாகப் பூச்சி கட்டுகிறவள், கை வேகமானவள். இறகு போன பக்கமே கம்பியும் போனால் கை வழுக்கிக்கொண்டு போகும், பார்க்கவும் வரிசையாக அழகாக இருக்கும். எதிராகச் சுற்றினால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கடிகாரம் பின்னால் நிற்கும்போது எந்தக் கை மணிக்கட்டைத் திருப்பும்? குணசுந்தரி பார்த்தாள். சர்ஃபராஸிடம் சொன்னாள். போட்டோவில் நன்றாகத்தானே இருக்கிறது என்றான் அவன்.

பிறகுதான் அந்த ஆர்டர் வந்தது. முந்நூறு டஜன், எல்லாம் ஏழாம் நம்பர், ஒரு மாதத்தில். அவள் ஒருத்தி மாடாக உழைத்தாலும் மாதத்துக்கு நூறு டஜன்தான் தேறும். மீதிக்கு வரிசையில் கட்டிய பூச்சிப் பெட்டியிலேயே ஏழு குத்திவிடலாம் என்று சர்ஃபராஸ் கணக்குப் போட்டான். அவளைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்.

“ஒரு ஸ்டாம்ப் தானே குணாம்மா. உங்க பேரு தானே பெருசாவுது.”

“என் பேர நான் பெருசு பண்ணிக்கிறேன் தம்பி. நான் கட்டாத பூச்சி மேல ஏழு உழாது.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. நாளை முதல் பேக்கிங் மேசையில் உட்காருங்கள், உங்கள் கையாலேயே ஸ்டாம்ப் குத்திப் பெட்டியை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். இருபத்தேழு வருடம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுப்பினால் பணிந்துவிடுவாள் என்று நினைத்தான். அந்த மேசையில் உட்கார வைத்தால் ஒரு பெட்டியும் அவளைத் தாண்டிப் போகாது என்பதை அவன் யோசிக்கவில்லை.

வீட்டில் தணிகாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே புத்தி சொன்னார். “அவன் மொதலாளி. குத்திட்டு வாயேன், கை இன்னா தேஞ்சா பூடும்?”

“கை தேயாது. ஏழு தேஞ்சிடும்.”

தணிகாசலம் ரசத்தைத் தானே ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் அவள் பேக்கிங் மேசைக்கு விரால் தாடைப் பலகையோடு போனாள். பழைய தாடைகள் எத்தனையோ தேய்ந்து மாறிவிட்டன, பலகை மட்டும் அதேதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெட்டிக்கு ஒரு பூச்சியை எடுத்தாள், நூலில் கட்டினாள், பல்லில் வைத்து இழுத்தாள். முப்பது தாங்கினாலும் ஏழு கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் எத்தனை தாங்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதல் பெட்டி எட்டு. அடுத்தது ஐந்து. பிய்ந்த பூச்சியை அந்தந்தப் பெட்டி மூடியின் மேலேயே வைத்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மேசை மேல் அறுபது பெட்டி, அறுபது பிய்ந்த பூச்சி, ஒன்றிலும் ஏழு இல்லை.

சர்ஃபராஸ் வந்து பார்த்தான். வரிசையில் கைகள் நின்றன.

“ஏரி மீன் பல்ல வச்சிக்கினு சோதன பண்றீங்களே குணாம்மா. அது வேற மீனு, இது வேற மீனு.”

“அந்த மீனுக்குப் பல்லே இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு. அறுவது பொட்டிலயும் நானே குத்துறேன்.”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பஜாரில் அரை மணி நேரத்தில் புது ஏழு செய்து வாங்க எனக்குத் தெரியாதா என்று கேட்டான்.

“செஞ்சிக்கோ,” என்றாள் குணசுந்தரி. குரலை உயர்த்தவில்லை. “என் கைய ஊரெல்லாம் காட்டி வச்சிக்கிறது நீதான். அதே கைய வீடியோல வச்சி, இது நான் கட்டுனது இல்லன்னு சொல்லுவேன். அந்தக் கைய வாங்குறவனுங்களுக்குத் தெரியும்.”

அப்படியென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். சொன்ன பிறகு அவனே ஒரு நிமிடம் தரையைப் பார்த்தான். சின்ன வயதில் இந்த மேசைக்கு அடியில் இறகு பொறுக்கி விளையாடியவன்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான். குணசுந்தரி டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்தாள், ஸ்டாம்ப் இருந்தது.

அப்போது வரிசையிலிருந்து பிரின்சி எழுந்து வந்தாள். கோபம் சர்ஃபராஸ் மேல் இல்லை.

“காலையிலேந்து என் கம்பிய எல்லாருக்கும் எதிர்ல பிச்சிப் பிச்சிப் போட்டுக்கினு கீறியே, நான் இன்னா கட்டத் தெரியாதவளா?”

பதிலுக்காகப் பிரின்சி நிற்கவில்லை. அவள் நேராகப் போய்க் காலியாக இருந்த ஏழாம் நாற்காலியில் உட்கார்ந்தாள். முள்ளைக் கவ்வவிட்டு, வால், இறகு, கம்பி, தலை எல்லாவற்றையும் தானே கட்டினாள். கம்பிக்கு வந்ததும் மணிக்கட்டைத் திருப்பி, கம்பியைத் தன் பக்கமாக இழுத்துச் சுற்றினாள். சர்ஃபராஸ் பழக்க தோஷத்தில் போனை எடுத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிரின்சி பூச்சியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

“இழு.”

குணசுந்தரி பையை இறக்கி வைத்தாள். பலகையை வைத்தாள். இழுத்தாள். பத்து. இருபது. பெண்கள் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். முப்பதில் ஒரு இழை அறுந்தது, உடம்பு அப்படியே இருந்தது. கம்பி குறுக்கே மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

சர்ஃபராஸ் போனைப் பார்த்தான். கம்பிக்கு நாலு நொடிதான் கூட ஆகியிருந்தது. நாலு நொடிக்காகவா இத்தனை பேஜாரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டவனுக்கு முகம் தெளிந்தது. அப்படியென்றால் எல்லாரும் இப்படியே சுற்றட்டும், இதில் ஏழு குத்தலாம் அல்லவா என்று கேட்டான்.

குணசுந்தரி வாயைத் திறப்பதற்குள் பிரின்சி திறந்தாள்.

“ஏழு எதுக்கு சார்? நான் கட்டுனதுக்கு அவ நம்பரா? எனக்கு ஒரு நம்பரு குடு.”

பின்னால் யாரோ ஒருத்தி, எனக்கும் ஒன்று என்றாள். இன்னொருத்தியும் கேட்டாள். சர்ஃபராஸ் பேக்கிங் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஏழு குத்த ஒருத்தி மறுக்கிறாள், அந்த நம்பரை வாங்கிக்கொள்ள மற்றவர்கள் மறுக்கிறார்கள். இனி எந்த பஜாரில் ஸ்டாம்ப் செய்து என்ன பயன்? பழவேற்காட்டு வியாபாரி ரத்தம், எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று அதற்குத் தெரியும். அங்கேயே போனை எடுத்து ஆர்டர் கொடுத்தவனுக்கு எழுதினான். ஏழாம் நம்பர் நூறு டஜன்தான் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. மீதியை யார் கட்டினார்களோ அவரவர் நம்பரில் அனுப்புகிறோம், சம்மதமா என்று கேட்டான். எழுதி முடித்து நிமிர்ந்து, நாளைக்கு ஏழாம் நாற்காலிக்கே வாருங்கள் என்றான்.

“அறுவது பொட்டியயும் பிரிச்சி மறுபடி கட்டச் சொல்லு. அப்புறம் வர்றேன்,” என்றாள் அவள். பிரித்தார்கள்.

மறுநாள் பதில் வந்தது. ஏழாம் நம்பர் நூறு டஜனும் கட்டாயம் வேண்டும், மற்ற நம்பர்களில் மாதிரி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று. சர்ஃபராஸ் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வரிசை கலைந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் முழுப் பூச்சி கட்டினாள். பிரின்சிக்கு அவள் நாற்காலி நம்பர், பத்தொன்பது. ஸ்டாம்ப் வந்த அன்று அதை உள்ளங்கையில் குத்திப் பார்த்துவிட்டு, மாலைவரை அந்தக் கையைக் கழுவாமல் இருந்தாள்.

மாதிரிப் பெட்டி அனுப்புவதற்கு முன்னால் பத்தொன்பதாம் நம்பர் பூச்சி ஒன்று பலகைக்கு வந்தது. எல்லாருக்கும் முப்பது இழுப்பு. குணசுந்தரி இதற்கு மட்டும் நாற்பது இழுத்தாள். பிரின்சி இடுப்பில் கை வைத்து எதிரிலேயே நின்றாள். பிய்யவில்லை. குணசுந்தரி பூச்சியை வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள். கம்பியில் குற்றம் இல்லை, இறகில் இல்லை, முடிச்சில் இல்லை.

“வாலு கொஞ்சம் கோணலா கீது,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.