ராத்தாவின் ட்ரேட் ஓஃப்

நான் வேலைசெய்யும் அலுவலகத்தில் ‘ட்ரேட் ஓஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது கேட்கிறேன். வேகமாக முடித்தால் தரம் குறையும், அது ட்ரேட் ஓஃப். வீட்டிலிருந்து வேலைசெய்தால் பிரயாணம் மிச்சம், ஆனால் வேலை முடிகிற நேரம் என்று ஒன்று இல்லை, அதுவும் ட்ரேட் ஓஃப். இதைத் தமிழில் போடச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள். அகராதி சமரசம் என்கிறது. சமரசத்துக்கு இரண்டு பேர் வேண்டும், இதற்கு ஒரு ஆளே போதும். நானோ அந்தச் சொல்லை ஏழு வயதிலேயே மொழிபெயர்த்து வாப்பாவின் வியாபாரத்தைக் கவிழ்க்கப் பார்த்தவள்.

உம்மா அப்போது குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் வாப்பா, ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா, நான், மூன்று பேர்தான். வாப்பா காலையில் கல்முனைக் கடைக்குப் போனால் இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் வருவார். என்னைக் குளிப்பாட்டுவது, மத்ரசாவுக்கு அனுப்புவது, மீனில் முள் எடுத்து ஊட்டுவது எல்லாம் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த ராத்தாதான். ஒருமுறை அவள் ஒரு கலியாணத்துக்காக மூன்று நாள் கொழும்புக்குப் போனபோது நான் சோறே தின்னாமல் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அதை ஒரு வெற்றியாகவே கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருசம் ராத்தாவின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. கொழும்புக் கம்பஸுக்கே எடுபடும் புள்ளிகள். அந்தக் கம்பஸின் படத்தைக் கொப்பியின் உள்மட்டையில் வெட்டி ஒட்டி வைத்திருந்தவள் அவள். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் முதலாவதாக ஒலுவில் கம்பஸைப் போட்டிருந்தாள். ஒலுவிலென்றால் காலையில் பஸ்ஸில் போய் பின்னேரம் அசர் தொழுகைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். படிவத்தைப் பார்த்த வாப்பாவின் முகம் வாடிப்போனது.

“என்ன மகள், கொழும்ப முதலாவதாப் போடல்லயா?”

“அது ஒரு ட்ரேட் ஓஃப் வாப்பா,” என்றாள் ராத்தா. பொருளியல் படித்த பிள்ளை, அப்படித்தான் கதைப்பாள். வாப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படிவத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

‘ட்ரேட்’ எனக்குத் தெரியும். பாயும் தலையணையும் பிளாஸ்டிக் வாளியும் விற்கும் எங்கள் கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தது, வியாபாரம் என்று வாப்பாவே சொல்லித் தந்திருந்தார். ‘ஓஃப்’ யாருக்குத் தெரியாது? லைட் ஓஃப், ஃபேன் ஓஃப். ஆகவே வியாபாரம் ஓஃப். கடையை மூடப்போகிறார்கள், அதனால்தான் ராத்தாவுக்குக் கொழும்பு இல்லை.

அடுத்த நாள் மத்ரசாவில் அழுதழுது இதைச் சொன்னேன். பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாமி ஒரு கோப்பை வட்டிலப்பத்தோடு ஆறுதல் சொல்ல வந்தார். இன்னொருவர் கடைக்கே போய், கண்ணாடி அலுமாரியை வேறு ஆருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி அளவும் எடுத்திருக்கிறார். வாப்பா அன்று வெள்ளனவே, இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்தார்.

“ஆரு புள்ள கடைய மூடுற எண்டு சொன்ன?”

“ராத்தாதான். ட்ரேட் ஓஃப் எண்டு.”

வாப்பா சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. மாமிக்கு வட்டிலப்பத்தைத் திருப்பிக் கொண்டுபோவதா வைப்பதா என்று தெரியவில்லை. நாங்கள் வாங்கித் தின்றுவிட்டோம்.

பிறகு ராத்தா என்னை வாசற்படியில் உட்காரவைத்துப் பேன் பார்த்தபடி விளக்கினாள்.

“ஒண்ட எடுக்கணுமெண்டா இன்னொண்ட விடணும் தங்கச்சி. ரெண்டும் கிடைக்காது. அதுதான்.”

“அப்ப நீங்க என்னத்த விட்டீங்க?”

“கொழும்ப.”

“என்னத்த எடுத்தீங்க?”

சீப்பு நின்றது. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“ஆடாம இரி,” என்றாள்.

நான் ஆடவேயில்லை. விட்டதைச் சொன்னவள் எடுத்ததைச் சொல்லவில்லையே, பாவம், ஒன்றும் கிடைக்கவில்லைபோல, ஏமாந்துவிட்டாள் என்று நினைத்து அவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.