பில்பாவோவில் ஒரு சத்தமான அறை

சனமெல்லாம் அமைதியான அறை தேடும். என் மச்சாள் வசந்தமலர் சத்தமான அறை தேடினாள். என் தமையன் அம்பலவாணனின் மனைவி அவள். ஆனால் அதற்கு முன்பே என் வகுப்புத் தோழி. அதனால் மரியாதை எல்லாம் கிடையாது, 'அவள்'தான்.

லண்டனில், டூட்டிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தேழு வருடம் இரவு ஷிப்ட் செய்தவள். இரவு எட்டுக்குப் போனால் காலை எட்டு தாண்டித்தான் வீடு. போன மாதம் அறுபது வயது பிறந்ததும் "உழைச்சது காணும்" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைகள் சந்தோஷப்பட்டு, எங்கே போக விருப்பம், டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றார்கள். திருச்செந்தூர் என்பாள், இல்லாவிட்டால் சுவிஸ் மலை என்பாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் சொன்னது பில்பாவோ. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்களின் ஊர்.

"உனக்கென்ன விசரோடி?" என்று கேட்டேன்.

அவளோடு வேலை செய்த நர்ஸ் ஒருத்தி அந்த ஊர்க்காரியாம். விடிய மூன்று மணிக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது ஊர்ப் புதினம் சொல்வாளாம். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் சனம் கூட்டமாக வெளிக்கிடும். ஒரு கடையில் ஒரு வாய் சாப்பாடு, ஒரு சின்னக் கிளாஸ் வைன், பிறகு அடுத்த கடை. தெருவில் நின்றபடியே கதை, சிரிப்பு. கிழடு கட்டைகளும் வரும், தள்ளுவண்டியில் குழந்தையும் வரும்.

"இரவெண்டா எனக்கு வேலை மட்டும்தான். மற்றச் சனம் இரவில என்ன செய்யுதெண்டு ஒருக்காப் பார்க்கோணும்," என்றாள்.

அதற்குப் பிறகு நான் என்ன சொல்வது? இரண்டு பேருமாக ஐபேடை வைத்துக்கொண்டு குந்திவிட்டோம். மியூசியத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டல். 'மிகவும் அமைதி' என்று எழுதியிருந்தார்கள். தள்ளிவிட்டாள். புதுநகரத்தில் ஒன்று, வங்கிகளுக்கு நடுவே. "ஆறு மணிக்குப் பூட்டுற இடத்தில எனக்கென்ன வேலை?" கடைசியில் பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்கள். அங்கே நல்ல கருத்துகளை அவள் வாசிக்கவே இல்லை, முறைப்பாடுகளைத்தான் வாசித்தாள். 'கலியாணத்துக்கு முன் கூத்தடிக்க வந்த மாப்பிள்ளைத் தோழர்கள் குடித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடினார்கள்' என்று ஒரு விடுதிக்கு இருந்தது. "இவங்களை இஞ்சையே பார்க்கலாம், வேண்டாம்." அடுத்ததற்கு யாரோ ஒரு நட்சத்திரம் போட்டு எரிந்து விழுந்திருந்தார்: 'கிழவர்களும் பிள்ளைகளும் நடுச்சாமம் வரை சன்னலுக்குக் கீழே நிற்கிறார்கள். இந்த ஊரில் ஒருவரும் தூங்குவதில்லையா?'

"இதுதான்! இதுதான் இடம்!" என்று துள்ளினாள்.

என் வாய் சும்மா கிடந்தால்தானே! சந்தோஷத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து அவள் மடியில் விட்டவள் நான்தான். அரை மணித்தியாலத்தில் பாரிஸிலிருந்து எங்கள் சின்னம்மா, குஞ்சியம்மா, அண்ணைக்குப் போன் எடுத்தா. "பில்பாவோவில எங்கட இராசரத்தினம் இருக்கேக்க ஹோட்டலோ? நாலு பேர் என்ன சொல்லுவினம்?"

இராசரத்தினம் அவவுடைய மருமகனின் தமையன். வீடு நகரத்துக்கு வெளியே, ரயிலில் போகவேண்டும். எங்கள் ஆட்களில் சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால், அடுத்த கலியாண வீடு வரைக்கும் அதுதான் கதை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சரி, அங்கே போனால் என்ன நடக்கும்? புட்டு, கலியாண ஆல்பம், திரும்பவும் புட்டு, பத்து மணிக்குப் படுக்கை. அண்ணை சொந்தக்காரருக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு சொல் அறியாத மனிசன். "ஓம் குஞ்சியம்மா," என்றுவிட்டார்.

மலர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நீங்களும் உங்கட தங்கச்சியும் போயிட்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணை போனை எடுத்தார். குஞ்சியம்மா அனுப்பியிருந்த இராசரத்தினத்தின் நம்பரை அழுத்தினார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். சத்தம் கேட்டு மலர் பாதிப் படிவரை இறங்கி வந்து நின்றாள்.

"தம்பி, லண்டனில இருந்து அம்பலவாணன் கதைக்கிறன்."

"ஓம் அண்ணை! குஞ்சியம்மா சொன்னவ. அறையெல்லாம் ரெடி."

"குறை நினைக்கக்கூடாது தம்பி. உங்கட வீட்டில நிக்க ஏலாது."

அண்ணை ஒரு சொந்தக்காரருக்கு 'ஏலாது' சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏன் அண்ணை, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டுமில்லை. இருபத்தேழு வருசம் என்ர மனிசி இரவில வேலைக்குப் போனவ. அவ வந்து படுக்கேக்க நான் வேலைக்குப் போயிடுவன். ஒரு இரவாவது அவவோட முழிச்சிருக்கோணும் போல கிடக்கு. அவ ஆசைப்பட்ட இடத்தில, பழைய நகரத்துத் தெருச் சத்தத்துக்கு நடுவில."

முடிஞ்சுது, இன்றைக்கே பாரிஸ் முழுக்கத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அப்போது இராசரத்தினத்தின் மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"அண்ணை, தெருப்பக்கத்து அறையாக் கேட்டு எடுங்கோ! பின்பக்கம் தந்தா ஒண்டும் கேளாது!"

"வெள்ளிக்கிழமை நாங்களும் அங்கதான் நிப்பம்," என்று இராசரத்தினம் சிரித்தார். "குஞ்சியம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். புட்டுக்கு மட்டும் ஞாயிறு மத்தியானம் வந்திட்டுப் போங்கோ."

போனை வைத்ததும் மலர் இறங்கி வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணைக்கு முன்னால் நின்றாள். "ஒன்பது மணிக்கே குறட்டை விடுற ஆள் நீங்கள். எப்பிடி முழிச்சிருப்பியள்?"

அண்ணை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தனிய இருந்தா வேற என்ன செய்யிறது மலர்? நித்திரைதான்."